பதினேழாம் நம்பரும் மஞ்சள் மூடிப் பெட்டியும்

1. ஒன்றுகூட மாறவில்லை

ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலை. கழுவிய பாட்டில்களை டிரேயில் அடுக்கிக்கொண்டு செல் வளர்க்கும் ரூம் வாசலுக்குப் போனேன். ஆராய்ச்சி செய்கிற யாஸ்மின் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தாள். கண்ணை எடுக்காமலே, "ரெண்டாவது தடவையும் ஒண்ணுகூட மாறல பாக்கியம்மா" என்றாள்.

அதைச் சொன்ன குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றியிருப்பேன். அவள் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

என் பெயர் தனபாக்கியம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஆராய்ச்சி லேபில் இருபத்திரண்டு வருடம் வேலை. வேலை என்றால் பாட்டில், பிளேட், பைப்பெட் கழுவுவது, ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பது, ஃப்ரீசரைப் பார்த்துக்கொள்வது, ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த ட்யூப்களை ஐஸ் பெட்டியில் வாங்கி வருவது. ஆட்டோகிளேவ் என்பது பெரிய குக்கர், அவ்வளவுதான். ஆனால் அதில் மூன்று நிமிடம் குறைந்தால் ஒரு மாத வேலை பூஞ்சை பிடித்துப் போகும். என் கை பட்ட பாட்டிலில் பூஞ்சை வந்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வந்த புதிதில் எல்லோரும் ஆயா என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் பாக்கியம்மா ஆனேன். ரிட்டயர் ஆன பிறகும் சார் என்னை விடவில்லை. எங்கள் டைரக்டரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம், எனவே இங்கும் சார்.

படிப்பு நாலாவது. இங்கிலீஷ் எழுத்தைப் படம் போல அடையாளம் வைத்துக்கொள்வேன், மூடியின் நிறம் மீதியைச் சொல்லிவிடும். இதை எழுதச் சொன்னது, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்காக. மெதுவாகத்தான் எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

2. எங்கள் லேபில் என்ன பார்க்கிறார்கள்

புரியாமல் பாட்டில் கழுவுவது எனக்குப் பிடிக்காது. அதனால் யாஸ்மினைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் பூந்தமல்லிப் பெண், அப்பா மெத்தை தைக்கிறவர். குமணன்சாவடியில் பஸ் பிடித்து வந்து, எனக்கு முன்னால் லேப் கதவைத் திறக்கிற ஒரே ஆள்.

நம் ரத்தத்தில் வெள்ளை அணு இருக்கிறது. அதில் ஒரு ஜாதிக்கு பி செல் என்று பெயர். எலும்புக்குள் பிறந்து, படிப்படியாக முதிர்ந்து, கடைசியில் கிருமியை எதிர்க்கிற மருந்தைத் தானே சுரக்கும். அதுதான் அதன் வேலை. சிலருக்கு வருகிற ரத்தப் புற்றுநோயில் இந்த செல் முதிராமல் வழியிலேயே நின்றுவிடுகிறது. நிற்கிறதோடு விட்டால் பரவாயில்லை. சாகவும் மாட்டேன் என்கிறது, பெருகிக்கொண்டும் போகிறது.

ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லும் என்பதை நான் முதலில் நம்பவில்லை. வாயா இருக்கிறது சொல்ல? சில புரோட்டீன்களை வெளியே விடும், பக்கத்து செல் அதைப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததும் அதன்படி நடக்கும். இன்டர்லூக்கின் என்று அதற்குப் பெயர், பின்னால் ஒரு நம்பர் வரும். நம்பருக்கு நம்பர் சேதி வேறு. ஒன்று, வளர்ந்து வேலையைப் பார் என்னும். இன்னொன்று, சாகாதே, அப்படியே இரு என்னும். நல்ல உடம்பில் இரண்டும் வேண்டியவைதான். நோய் பிடித்த செல்லுக்கு இரண்டாவது சேதி போனால் அது இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் எந்த ஆளின் செல் எந்தச் சேதியைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். நோயாளியிடம் வாங்கிய ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்து, குழி குழியான பிளாஸ்டிக் பிளேட்டில் போட்டு, முதிரச் சொல்லும் புரோட்டீனைக் கொடுத்து, ஆறு நாள் இன்குபேட்டரில் வைத்துப் பார்ப்பாள் யாஸ்மின். மாறினால் செல் பெரிதாகும், சுரக்கும்.

பூஜைக்கு முன்னால் பார்த்தவர்களில் பலருக்குக் கொஞ்சமாவது மாறியது. பூஜைக்குப் பிறகு பார்த்தது ஒரே ஆளுடையதுதான். அவர் பதினேழாம் நம்பர். நோயாளிகளின் பெயரை லேபில் எழுதக் கூடாது, சொல்லக் கூடாது. எனக்கு அவர் பெயர் தெரியும். ஆனாலும் எழுத மாட்டேன். அவருடைய நோயில் ஏதோ அபூர்வமான சேர்க்கை இருப்பதாகவும், அப்படி இன்னொருவர் எப்போது கிடைப்பாரோ என்றும் சார் சொல்லியிருந்தார்.

அவருக்கு இரண்டு தடவையும் ஒன்றும் மாறவில்லை.

3. யாராவது எடுத்தீங்களா

அன்று மத்தியானம் சார் வந்து பிளேட்டைப் பார்த்தார். ஆராய்ச்சிக் கட்டுரையைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"கேக்காத செல்லும் ஒரு ரிசல்ட்தான்மா. பதினேழு ரெஸ்பாண்ட் பண்ணலன்னு எழுதிடு" என்றார்.

யாஸ்மினுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு சின்ன அசைவுகூட இல்லையே, ஏதோ சாமானில் கோளாறு என்றாள். சாமானில் கோளாறா கையில் கோளாறா என்று கேட்டுவிட்டு சார் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அப்படிக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினாள். இன்குபேட்டரின் சூடு, செல் வளரும் திரவமான மீடியத்தின் தேதி, அதில் கலக்கும் சீரம். கடைசியில் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரைத் திறந்து, மஞ்சள் மூடி ட்யூப்கள் உள்ள அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்தாள். நானும் ஸ்டோர்ஸ் ஜெகனும் நின்றிருந்தோம்.

"பூஜை லீவுல இந்தப் பெட்டிய யாராவது வெளிய எடுத்தீங்களா? இதுல இருக்கிறதுதான் இன்டர்லூக்கின். ஒரு தடவை உருகினா அதோட சரி. திரும்ப உறைஞ்சாலும் வேலை செய்யாது. அதனாலதான் துளித்துளியா பிரிச்சு வெச்சிருக்கேன், ஒரு ட்யூப் ஒரு தடவைக்குத்தான்."

ஜெகன், "நான் அந்தப் பக்கமே போவலம்மா. அது பாக்கியம்மா கோட்டை, தொட்டா கைய ஒடச்சுடுவாங்க" என்று சிரித்தான்.

யாஸ்மின் என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் பத்திரமாத்தான் வெச்சேன்" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. உடனே திரும்பி பாட்டில் ரூமுக்குப் போய்விட்டேன்.

4. பூஜைக்கு முதல் நாள்

நடந்தது இதுதான். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு லேபையே தலைகீழாகக் கவிழ்த்துத் துடைப்பேன். எஸ்டேட்டில் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் பொட்டு வைக்கிற மாதிரி, செல்லைத் திறந்து வேலை செய்கிற கண்ணாடிப் பெட்டியான எங்கள் ஹுட்டுக்கும் ஆட்டோகிளேவுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. சார் முதல் வருடம் சிரித்தார், பிறகு அவரே பூ வாங்கி வர ஆரம்பித்தார்.

அந்த வருடம் ஃப்ரீசருக்குள் பனி கட்டி, கதவு சரியாகச் சாத்தவில்லை. எல்லோரும் லீவில் கிளம்பிவிட்டார்கள். நான் பெட்டிகளை எல்லாம் பக்கத்து ஃப்ரீசருக்கு மாற்றினேன். எண்ணி, வரிசை மாறாமல்தான் மாற்றினேன். பிறகு சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்து போட்டு, பனி இளகட்டும் என்று பாட்டில் ரூமைக் கழுவப் போனேன்.

வந்து பார்த்தால் கீழ்த்தட்டில், பின் சுவரோரம், உருகிய பனிக்குள்ளிருந்து ஒரு பெட்டி தலைகாட்டுகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று யாஸ்மின் உள்ளே தள்ளி வைத்திருந்தாள், பனி அதை மூடிவிட்டிருக்கிறது. எடுத்தேன். அட்டை ஊறியிருந்தது. ஒரு ட்யூபைத் தூக்கி ஆட்டினேன். உள்ளே துளித் தண்ணீர் ஆடியது.

பதறவில்லை. அதுதான் என் தப்பு. வீட்டில் இட்லி மாவு, மீன், மீந்த குழம்பு எல்லாம் இளகுகிறது, உள்ளே வைத்தால் இறுகிக்கொள்கிறது, சாப்பிடுகிறோம். அதே புத்தி. ட்யூப்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, புது அட்டைப் பெட்டியில் பழைய வரிசைப்படி வைத்து, பக்கத்து ஃப்ரீசரில் இறுக விட்டேன். மறுநாள் எல்லாம் கல்லாக இருந்தது. பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன். கதவு மேல் பொட்டு வைத்தேன். லீவு முடிந்து வந்த சார், "ஷோரூம்லேந்து எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த வார்த்தையை ஒரு வாரம் மனதில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

பெட்டி உருகியதை மறைக்க வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. வியாழக்கிழமைதான் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் மறைத்தேன்.

5. கை ஓரிடத்தில் நிற்கவில்லை

வெள்ளிக்கிழமை முழுக்கக் கழுவிய பாட்டில்களையே திரும்பக் கழுவினேன். ஒரு மெஷரிங் சிலிண்டர் கையிலிருந்து நழுவி உடைந்தது. ஜெகன், "பாக்கியம்மா கையில உடையிதா? மழை வரும்" என்றான். அதட்டினேன். அவன் முகம் சுருங்கிப் போனது.

யாஸ்மின் தன் பழைய நோட்டுகளை விரித்து, புரோட்டீனைத் தான் கரைத்த நாளின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையில்தான் பிழை என்று தேடுகிறாள். நான் அவளைத் தாண்டி மூன்று முறை போனேன், மூன்று முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், யாராவது வருவார்கள். யாரும் வராவிட்டால் நானே வேறு வேலை வைத்துக்கொண்டேன்.

எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. சொன்னால் ரிட்டயர் ஆனவளை ஏன் வைத்திருக்கிறோம் என்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாக்கியம்மாவா இப்படி என்பார்களே, அதைத்தான் தாங்க முடியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடும், யாரோ ஒருவரின் செல் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதுவார்கள், அவ்வளவுதானே என்றும் தோன்றியது. கள்ளிக்குப்பத்தில் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன், எழுந்தேன். தெருமுனை வரை நடந்தேன், என்ன வாங்க வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன்.

6. ஆவடியில் சனிக்கிழமை

சனிக்கிழமை ரத்தம் வாங்குகிற நாள். ஐஸ் பெட்டியோடு ரயிலில் ஆவடிக்குப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் பதினேழாம் நம்பர் உட்கார்ந்திருந்தார். நெமிலிச்சேரிக்காரர், எங்கள் எஸ்டேட்டிலேயே இரும்பு கடைகிற லேத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இந்த நோயில் உடனே மருந்து கொடுக்காமல் சிலரை வெறுமனே கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இவரையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

"வாக்கா. ரத்தக்காட்டேரி வந்துட்ச்சு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

என்ன செய்தி என்று கேட்டேன்.

"வெள்ள அணு கவுன்ட்டு ஏறிகினே போவுதாம். திங்கக்கெயமை மாத்திர ஆரம்பிக்கிறாங்கோ. அதுக்கு முன்னாடி செக் பண்ண வரச் சொன்னாங்கோ." பிறகு, "மாத்திர போட்டுட்டா என் ரத்தம் ஒங்களுக்கு ஒதவாதாமே, ஒங்க லேபு பொண்ணு சொல்ச்சு" என்றார்.

ஆமாம் என்றேன். மருந்து உள்ளே போய்விட்டால் செல்லின் குணம் மாறிவிடும். முன்னால் இருந்தது எப்படி என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது.

"இதால எனக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல, அது தெரியும். அந்தப் பொண்ணு அழகா சொல்ட்ச்சு. பாதி ஜாப்புல நின்னுப்போன பீஸு மாதிரி, பினிஷிங்குக்கும் போவல, ஸ்கிராப்புக்கும் போவல, ஒர்க் ஷாப்பு பூரா குவிஞ்சிகினு கீது. ஏன் நின்ச்சுன்னு கண்டுபுட்ச்சா பின்னாடி வர்றவனுக்கு ஒதவும். முப்பது வருசம் ஜாப் போட்டவன்க்கா நான், எனக்குப் புரியாதா?" பிறகு கேட்டார். "சரி, என் பீஸு இன்னா சொல்லுது? கேக்குதா, கேக்கலியா?"

கேட்கவில்லை என்று எழுதப்போகிறார்கள். ஆனால் அவருடைய செல்லிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லையே. செத்துப்போன சேதியைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, பதில் சொல்லவில்லை என்கிறோம்.

ரத்தம் எடுக்கிற கவுன்ட்டர் சனிக்கிழமை பன்னிரண்டுக்கு மூடிவிடும். சுவரில் மணி பதினொன்று நாற்பது.

"இங்கியே இருங்கண்ணே, எங்கியும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே போய் யாஸ்மினுக்குப் போன் போட்டேன்.

"என்ன பாக்கியம்மா, ட்யூப் குடுக்கலையா?"

"கண்ணு, மஞ்சள் மூடிப் பெட்டி உருகிடுச்சு. பூஜைக்கு மொத நாள். நான்தான். பனியில மாட்டியிருந்தது, நான் பாக்கல. உருகினத பாத்தேன், திரும்ப உறைய வெச்சேன். அன்னைக்கு நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

நான் விடாமல் சொன்னேன். "பதினேழு இங்கதான் இருக்காரு. திங்கள் மாத்திரையாம். பன்னெண்டுக்கு கவுன்ட்டர் மூடிடுவாங்க."

"அவருக்கு இன்னொரு தடவை குடுக்க சம்மதமான்னு கேட்டீங்களா?"

"இல்ல. நீ சொல்லாம எப்படிக் கேக்கறது?"

"கேளுங்க. நான் டாக்டர்கிட்ட பேசறேன்." மூச்சு விட்டாள். "என் கையின்னு நெனச்சேன் பாக்கியம்மா. ரெண்டு நாளா." போனை வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து அவரிடம் உள்ளதைச் சொன்னேன். பெட்டியை நான் கெடுத்தேன், உங்கள் ரத்தத்தை இரண்டு தடவை வீணாக்கினேன், இன்னொரு தடவை தருவீர்களா என்று கேட்டேன். நாங்கள் நோயாளிகளிடம் இப்படி எல்லாம் பேசக் கூடாது. அன்று எனக்கு வேறு விதமாகப் பேச வரவில்லை.

அவர் என்னையே பார்த்தார். "ரெண்டு வாட்டி ஊசி குத்தினது வேஸ்ட்டா?"

"ஆமாண்ணே."

"ஷாப்புல இத்த மறைச்சிகினு போறவன்தான் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். "டாக்டரு வர்ட்டும். கவுன்ட்டரு எங்க, அதே ரூம்தானே?"

டாக்டர் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வந்து, சம்மதப் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்று ட்யூப் நிறைந்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். உட்கார இடம் இருந்தும் பாதி வழி நின்றுகொண்டே வந்தேன்.

7. ஆறு நாள்

யாஸ்மின் வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டாள். கரைக்காத தூளாக இன்டர்லூக்கின் ஒரு குப்பி வேறு ஃப்ரீசரில் பத்திரமாக இருந்தது. கடைசி வேலைக்கென்று வைத்திருந்ததை அன்றே உடைத்தாள். நான் பிளேட்டை எடுத்துக் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொண்டாள்.

சாரிடம் நானே போய்ச் சொன்னேன். ஆறு நாள் தள்ளி அனுப்புகிறேன் என்று யாருக்கோ போனில் சொன்னார். பிறகு, "ஃப்ரீசர் சாவியை ஜெகன்கிட்ட குடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். சாவி கொடுத்த கை அன்று முழுக்க இடுப்பில் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தது.

அந்த ஆறு நாளும் இன்குபேட்டர் பக்கம் போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கதவைத் திறந்தால் சூடு மாறிவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பிளேட்டின் ஓரம் மட்டும் தெரியும். அதையே போய்ப் போய்ப் பார்த்தேன். அவருடைய செல் நிஜமாகவே கேட்காததாக இருந்துவிட்டால்? அப்போதும் நான் செய்தது சரியாகிவிடாது என்று தெரிந்தும், மனம் அதையே சுற்றியது.

ஆறாம் நாள் யாஸ்மின் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். எழுந்தாள். நாற்காலியை எனக்குத் தள்ளினாள். "பாருங்க" என்றாள். சனிக்கிழமைக்குப் பிறகு வேலையை ஒட்டாமல் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

எனக்குத் தெரிந்தது சின்னச் சின்ன உருண்டைகள். நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெருத்து, பக்கவாட்டில் வீங்கிய உருண்டைகள். புரோட்டீன் கொடுக்காத குழியில் அப்படி ஒன்றும் இல்லை. பிறகு செல்லை வகை பிரித்து எண்ணும் மெஷினில் ஓட்டிப் பார்த்ததில், ஒரு பங்கு முதிர்ந்திருக்கிறது, ஒரு பங்கு செத்திருக்கிறது, மீதி அசையாமல் இருக்கிறது என்று வந்தது. நோய் தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, இது பிளேட்டில் நடந்தது என்று யாஸ்மின் சொன்னாள். ஆனால் பதினேழாம் நம்பரின் செல் கேட்கிறது. முழுக்க இல்லை, கேட்கிறது.

அடுத்த சனிக்கிழமை ஆவடி வராந்தாவில் அவர் மாத்திரைக் கவரோடு உட்கார்ந்திருந்தார். வாய் கசக்கிறது என்றார். ரிசல்ட் எதுவும் என் வாயிலிருந்து போகக் கூடாது என்று யாஸ்மின் சொல்லி அனுப்பியிருந்தாள், அதை டாக்டர் சொல்வார். நான், "இந்த வாட்டி ஒழுங்கா கேட்டோம்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"அது போதும்க்கா" என்றார்.

8. என் கையெழுத்து

இதிலிருந்து என்ன கற்றேன் என்று எழுதச் சொல்கிறார்கள். தப்பு செய்யாதே என்று நான் சொல்ல மாட்டேன். அது யாராலும் முடியாது. பொருளுக்கு ஏதாவது ஆனால், அது முக்கியமா இல்லையா என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். உருகியது, விழுந்தது, மூடி திறந்திருந்தது, கரண்ட் போனது, எதுவானாலும் அன்றே சொல்லிவிடுங்கள். முக்கியமா என்பதைத் தெரிந்தவர் பார்த்துக்கொள்வார். இது சுலபம். கேட்டபோது சொல்வதுதான் கஷ்டம். உங்களைப் பற்றி நல்லபடி பேசுகிற இடத்தில் அது இன்னும் கஷ்டம்.

சார் அந்த வாரம் ஃப்ரீசருக்கு ஒரு நோட்டுப் போட்டார். யார் எந்தப் பெட்டியை எப்போது எடுத்தாலும் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் பூஜைக்கு முதல் நாள் நடந்தது வர வேண்டும் என்றார். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று யாஸ்மின் பேனாவை எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்று எழுத்து சொன்னாள், அவ்வளவுதான். நாலு வரி, அரைமணி நேரம் ஆனது. மஞ்சள் மூடிப் பெட்டி அணைத்த ஃப்ரீசரில் இருந்தது, உருகியது, திரும்ப உறைய வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, தனபாக்கியம்.

நோட்டு இப்போதும் ஃப்ரீசர் பக்கத்தில்தான் தொங்குகிறது. முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாமா பாக்கியம்மா, புதுப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று ஜெகன் கேட்டான். பார்க்கட்டும் என்றேன்.